எருக்குவியலை முதலில் பாருங்கள்

இயற்கைப் பண்ணை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காய்கறியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எருக்குவியல் எங்கே என்று முதலில் கேளுங்கள். செடியில் தொங்குகிற தக்காளி எந்தத் தோட்டத்திலும் அழகாகத்தான் இருக்கும். ரசாயன உரம் போட்டு விளைந்ததையும் போடாமல் விளைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நாக்கில் வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்கிறவர்களை நான் நம்புவதில்லை. எருக்குவியலை மட்டும் யாராலும் அலங்காரம் பண்ணி வைக்க முடியாது. நாறினால் உள்ளே காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். காய்ந்து கிடந்தால் யாரும் கவனிக்கவில்லை. குவியலே இல்லையென்றால், இந்த மண்ணுக்கு என்னதான் சாப்பாடு போடுகிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டியதுதான்.

நாங்கள் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, இயற்கை விவசாயம் செய்கிற சிலர் சேர்ந்து பேசி, தங்கள் பண்ணைகளை எல்லாரும் வந்து பார்க்கத் திறந்துவைத்திருந்தார்கள். வண்டியில் ஏறியதற்கு ஆளுக்கொரு காரணம். சின்னவனுக்குக் கன்றுக்குட்டி. பெரியவளுக்குப் பள்ளியில் கொடுத்த செயல்திட்டம். என் கணவருக்கு ஒரு நாளாவது போன் அடிக்காத இடம். மாமியார் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். பாதி ஆயுள் வயல்வேலை பார்த்தவர். "குனிஞ்சு நிமிந்து இடுப்பு போனதுதான் மிச்சம். அதை லீவு நாள்ல வேற போய் வேடிக்கை பாக்கணுமா?" என்றார். அத்தையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தால் அன்றைக்குப் பாதி விஷயம் எங்களுக்குப் பிடிபட்டிருக்காது.

முதலில் போனது காய்கறிப் பண்ணை. அதை நடத்துகிற அக்கா, பாத்திகளைக் காட்டாமல் நேராகப் பின்பக்கம் கூட்டிப்போனார். இடுப்பு உயரத்துக்கு நீளவாக்கில் ஒரு குவியல். மேலே காய்ந்த சருகு, உள்ளே சாணம், கழித்துப்போட்ட காய், வெட்டிய புல். அதில் செருகியிருந்த நீளமான இரும்புக் கம்பியை உருவி, "தொட்டுப் பாரு கண்ணு" என்று பெரியவளிடம் நீட்டினார். தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "உள்ள அடுப்பு எரியுதா ஆன்ட்டி?" என்றான் சின்னவன்.

அடுப்பெல்லாம் இல்லை. தழையையும் சாணத்தையும் தின்று செரிக்கிற நுண்ணுயிர்கள் விடுகிற சூடுதான் அது. ஒழுங்காக மக்குகிற குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில்தான் களை விதைகளும் சாணத்தில் இருக்கிற நோய்க்கிருமிகளும் சாகின்றன. அமெரிக்காவின் அங்கக (ஆர்கானிக்) வேளாண் விதிகளில் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள். இப்படி நீளவாக்கில் குவிக்கிற எரு குறைந்தது 55 டிகிரியில் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் 5 முறையாவது புரட்டியிருக்க வேண்டும். மக்க வைக்காமல் பச்சைச் சாணத்தைப் போட்டால், மண்ணைத் தொட்டு விளைகிற காயை 120 நாள் கழித்துத்தான் அறுக்கலாம், மண்ணைத் தொடாததை 90 நாள் கழித்து. 'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டதுமே கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. மக்காத சாணத்தில் ஈ.கோலை கிருமி இருக்கலாம். அதுவும் சுத்தமான இயற்கைதான்.

அக்கா எண்களுக்கெல்லாம் போகவில்லை. உள்ளிருந்து ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழிந்தார். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தது. "இதுக்கு மேல ஒழுகினா அழுகிடும். இதுகூட வரலைன்னா வேலை நின்னுடும்." கரிமமும் நைட்ரஜனும் 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்வதை, "காஞ்சது கூட, பச்சை கொறச்சு" என்று நாலு வார்த்தையில் முடித்துவிட்டார். பெரியவள் நோட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

அங்கிருந்து பாத்திக்கு வந்தோம். வரிசைகளுக்கு நடுவே தட்டைப்பயறு விதைத்திருந்தார். பூவெடுக்கத் தொடங்கிய செடி ஒன்றைப் பக்குவமாக மண்ணோடு கெல்லி எடுத்து உதறினார். வேர் நெடுக சின்னச் சின்ன முண்டுகள். அதில் ஒன்றைக் கிள்ளி, கட்டைவிரல் நகத்தால் இரண்டாகப் பிளந்து காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு. "ரத்தமா?" என்று கேட்டாள் பெரியவள். அவ்வளவு தப்பான கேள்வி இல்லை. நம் ரத்தத்துக்கு நிறம் தருகிற ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான ஒரு புரதம்தான் அந்தச் சிவப்புக்குக் காரணம். வேர்முண்டுக்குள் குடியிருக்கிற ரைசோபியம் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுப்பது அதன் வேலை. அந்தப் பாக்டீரியா காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தருகிறது, பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. முண்டு உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ ஆகிவிட்டால் முடிந்துவிட்டது. இதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு நகம் போதும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதைச் செடி நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த முண்டுக்குள் சத்தமில்லாமல் நடக்கிற காரியத்தை 1909-ல் ஃபிரிட்ஸ் ஹாபர் பெரும் அழுத்தத்திலும் சூட்டிலும் ஆய்வகத்தில் செய்துகாட்டினார். 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவில் அதற்கென்று ஆலையே வந்தது. யூரியா மூட்டையின் பூர்வீகம் இதுதான். இன்றைக்கு உலகில் ஏறக்குறைய பாதிப் பேருடைய சாப்பாடு அந்தச் செயற்கை நைட்ரஜனை நம்பித்தான் இருக்கிறது என்று விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள்.

நான் இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அத்தை முதன்முறையாக வாயைத் திறந்தார். "இப்ப எல்லாரும் யூரியாவை விஷம்ங்கறீங்க. மொதத் தடவை போட்டப்ப, வெளிறிக் கெடந்த பயிரு ஒரே வாரத்துல கருகருன்னு எழுந்துச்சு. அதைப் பாத்துக் கண்ணு கலங்குன ஆளுங்க இருக்காங்க."

இயற்கைப் பண்ணையில் வந்து நின்றுகொண்டு இப்படிப் பேசுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் சங்கடம். அக்காவுக்கு அதெல்லாம் இல்லை. "நெசந்தான் அம்மா, நானும் போட்டவதான்" என்றார். "போடப் போட இன்னும் கேட்டுச்சு. மண்ணு கட்டி தட்டிப் போச்சு. அதான் விட்டேன்."

ஒரே நாளில் விட்டுவிடவும் முடியாது. 2021-ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது, நெல் விளைச்சல் சரிந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தவேண்டி வந்தது. மண்ணில் மட்கு சேர வருடங்கள் ஆகும், அரசாணைக்குப் பயந்து அது சீக்கிரம் சேர்ந்துவிடாது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012-ல் வெளியான ஒரு கட்டுரை, அங்கக முறையில் விளைச்சல் பயிரையும் பராமரிப்பையும் பொறுத்து 5 முதல் 34 சதவீதம் வரை குறைவு என்று சொன்னது. 5-க்கும் 34-க்கும் நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள். அந்தத் தூரம் முழுக்க விவசாயியின் கைப்பக்குவமும் மண்ணின் நிலைமையும்தான்.

அன்றைக்கு யாரும் கேட்காத கேள்வியை அத்தைதான் கேட்டார். "களை எடுக்க எத்தனை ஆளு?"

அக்கா சிரித்துவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் பூச்சிக்கு என்ன செய்கிறீர்கள் என்றுதான் கேட்பார்களாம், களையைப் பற்றி யாரும் கேட்பதில்லையாம். களைக்கொல்லி அடிக்கக்கூடாது என்றால் இருப்பது மண்வெட்டியும் கையும்தான். வைக்கோல், சருகு கொண்டு மூடாக்குப் போட்டால் வெளிச்சம் கிடைக்காமல் பாதிக் களை முளைக்காது. மீதியை உட்கார்ந்து பிடுங்கத்தான் வேண்டும். பண்ணையின் செலவில் கூலிதான் பெரிய பங்கு என்றார். ஆர்கானிக் காய் ஏன் விலை கூட என்று கடையில் முணுமுணுக்கிறோமே, அதில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய இடுப்புவலி. பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தை பாத்தி ஓரமாகக் குந்திக்கொண்டு கோரையை இழுக்க ஆரம்பித்துவிட்டார். "இதைக் கெழங்கோட எடுக்கணும். மேல பிடுங்கினா நாளைக்கே வந்து நிக்கும்."

அதே பாத்தியில்தான் சின்னவன் ஒரு கறுத்த, முள்முள்ளான புழுவை நசுக்கப் போனான். அக்கா பாய்ந்து கையைப் பிடித்தார். அது பொறிவண்டின் குஞ்சு. சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த வண்டை எல்லாக் குழந்தைக்கும் தெரியும், அதன் சின்ன வயது முகம் யாருக்கும் தெரியாது. இலையின் அடியில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சிக் கூட்டத்துக்குள் அது நுழைந்து ஒவ்வொன்றாகத் தின்பதைப் பிள்ளைகள் தரையில் முழங்கால் போட்டுப் பார்த்தார்கள். வளர்ந்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கில் தின்றுவிடும். அசுவினியே இல்லாமல் ஒழித்துவிட்டால் பொறிவண்டு பட்டினி கிடந்து போய்விடும். பூச்சியே இல்லாத தோட்டம் இயற்கைத் தோட்டமாக இருக்காது என்று நான் சொல்வது இதனால்தான்.

மருந்தே அடிப்பதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கிறார்கள். புழுக்களை மட்டும் கொல்கிற 'பிடி' (Bt) என்ற பாக்டீரியாவையும் தெளிக்கிறார்கள். (அதே பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் வைத்தால் பிடி பருத்தி. ஆர்கானிக் விதிகளில் தெளிப்பதற்கு அனுமதி உண்டு, உள்ளே வைப்பதற்குக் கிடையாது. இந்த வேடிக்கையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) பூஞ்சை நோய்க்குச் செம்புக் கலவை அடிக்கவும் பல நாடுகளின் விதிகள் இடம் தருகின்றன. ஆனால் செம்பு மண்ணில் தங்கிச் சேரும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளுக்கு எக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. புகையிலைக் கஷாயம் செடியிலிருந்து வருவதுதான், ஆனாலும் நிக்கோட்டின் நஞ்சு என்பதால் அமெரிக்க விதி அதை அனுமதிப்பதில்லை. எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, என்ன செய்யும் என்பது வேறு கேள்வி.

இரண்டாவது இடம் மாடும் கோழியும். சின்னவன் கன்றுக்குட்டியை விட்டு அசையவில்லை. அது அவன் சட்டைக்கையைச் சப்பிக்கொண்டே இருந்தது. பண்ணைக்குச் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். மாட்டைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் வாய்க்குக் கொண்டுபோக விடாதீர்கள். சானிடைசர் சாண அழுக்குக்கு ஈடுகொடுக்காது.

அங்கே நான் ஒரு விஷயம் கேட்டேன். மாட்டுக்கு நோய் வந்தால்? ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் விட்டுவிடுவீர்களா? "உயிரு போற வலியில துடிக்கிறப்ப விதி பாக்க முடியுமா?" என்றார் பண்ணையை நடத்துகிற அண்ணன். விதியும் அப்படிச் சொல்லவில்லை. நோயுற்ற மாட்டுக்கு வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு அந்த மாட்டின் பாலை ஆர்கானிக் என்று விற்க முடியாது. ஐரோப்பாவில், மருந்து கொடுத்தபின் பாலை விற்காமல் இருக்க வேண்டிய வழக்கமான காத்திருப்புக் காலத்தைப் போல இரண்டு மடங்கு காத்திருந்து விற்கலாம். இன்னொரு பக்கம், வந்திருந்த ஒருவர் முட்டையை உடைத்துக் காட்டி, மஞ்சள்கரு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது பாருங்கள் என்று புல்லரித்துக்கொண்டிருந்தார். மஞ்சள்கருவின் நிறம் கோழி தின்ற கரோட்டினாய்டு நிறமிகளைப் பொறுத்தது. பெரிய ஆலைத் தீவனத்தில் சாமந்திப்பூச் சாறு கலந்தும் அதே நிறத்தைக் கொண்டுவருகிறார்கள். அவருடைய சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நான் சொல்லவில்லை.

மூன்றாவது பண்ணைதான் எனக்கு மனதில் நிற்கிறது, பார்க்க ஒன்றுமே இல்லாத பண்ணை. விளைச்சல் சுமார். பாதி நிலத்தில் பசுந்தாள் உரத்துக்கு, அதாவது அப்படியே மடக்கி உழுது மண்ணுக்கு உரமாக்க, போட்ட பயிர். ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறிக்கொண்டிருக்கிற நிலம் அது. ரசாயனத்தை நிறுத்திய அன்றைக்கே யாரும் ஆர்கானிக் முத்திரை கொடுத்துவிடுவதில்லை. அமெரிக்க விதிப்படி 36 மாதம், ஐரோப்பாவில் ஆண்டுப் பயிருக்கு விதைப்பதற்கு முன் 2 ஆண்டு, மரப்பயிருக்கு அறுவடைக்கு முன் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த இடைக்காலம்தான் விவசாயியைக் கொல்கிறது. உழைப்பு இயற்கை முறையில், விலையோ சாதாரணக் காய்க்கு உள்ள விலை, விளைச்சலும் முதல் பருவங்களில் இறங்கும். அந்த இளைஞர் நோட்டைப் பிரித்து வரவுசெலவையே காட்டினார். மறைக்க ஒன்றுமில்லை என்கிற மாதிரியான முகம். என் கணவர் அன்றைக்கு அதிக நேரம் உட்கார்ந்து பேசியது அவரோடுதான்.

முத்திரை வாங்க ஆகும் செலவு சின்ன விவசாயிக்குக் கட்டுபடியாகாது. அதற்கு மாற்றாக ஒரு முறை இருக்கிறது, பங்கேற்பு உத்தரவாதம் என்று பெயர், ஆங்கிலச் சுருக்கம் பிஜிஎஸ். வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்குப் பதில், பக்கத்துப் பக்கத்து விவசாயிகளே ஒருவர் நிலத்தை ஒருவர் சோதிப்பார்கள், வாங்கித் தின்கிறவர்களும் கூடப் போய்ப் பார்ப்பார்கள். 2004-ல் பிரேசிலின் டோரஸ் நகரில் பல நாட்டினர் கூடி இதற்கு ஒரு பொது வடிவம் கொடுத்தார்கள். இந்தியாவிலும் அரசே அங்கீகரித்த பிஜிஎஸ் முறை இருக்கிறது. கூட்டுச் சேர்ந்து ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்கலாம். செய்யலாம்தான். ஆனால் ஒருவர் மருந்தடித்து மாட்டிக்கொண்டால் குழுவில் எல்லார் பெயரும் கெடும். அதனால் அண்டைவீட்டுக் கண் அதிகாரியின் கண்ணைவிடக் கூர்மையாகவே இருக்கிறது என்றார் அந்தத் தம்பி.

திரும்பும் வழியில் வண்டிக்குள் ஒரே வாக்குவாதம். இதைச் சாப்பிட்டால் உடம்புக்கு என்ன கூடுதல் என்று கேட்டார் கணவர். 2012-ல் ஸ்டான்ஃபோர்டில் செய்த தொகுப்பாய்வு, சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, பூச்சிமருந்து எச்சம் குறைவு என்றது. 2014-ல் பிரிட்டனில் வந்த இன்னொன்று, ஆன்டிஆக்சிடன்ட் அதிகம், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவு என்றது. நான் வாங்குவது உடம்புக்காக மட்டும் இல்லை, மருந்தடிக்கிறவர் முகமூடிகூட இல்லாமல் நின்று அடிக்கிறாரே, அவருக்காகவும்தான் என்றேன்.

பக்கத்தில் விளைந்தது என்றாலே பூமிக்கு நல்லது என்றாள் பெரியவள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கத்தில் விளைந்ததும் இயற்கையாக விளைந்ததும் ஒன்றல்ல, பக்கத்து வயலிலேயே வாரம் தவறாமல் மருந்தடிக்கலாம். தூரக் கணக்கும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. 2008-ல் அமெரிக்க உணவைப் பற்றி வந்த ஓர் ஆய்வில், உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுவில் மொத்தப் போக்குவரத்தின் பங்கே 11 சதவீதம்தான், விளைந்த இடத்திலிருந்து கடைக்கு வந்து சேர்வதற்கு 4 சதவீதம். மீதியில் பெரும்பகுதி விளைவிப்பதிலேயே போய்விடுகிறது. ஒரு பை காய்க்காக நாங்கள் ஐந்து பேர் அவ்வளவு தூரம் கார் ஓட்டிப் போய்வந்ததை அந்தக் கணக்கில் சேர்த்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பக்கத்தில் இருப்பதால் கிடைக்கிற உண்மையான லாபம், போய்ப் பார்த்துக் கேள்வி கேட்க முடிகிறது என்பதுதான்.

அந்த மூன்றாவது பண்ணைத் தம்பியிடம் பருவத்துக்கு முன்பணம் கட்டி, வாரம் ஒரு பெட்டி காய் வாங்கிக்கொள்கிற திட்டத்தில் சேர்ந்துவிட்டோம். ஜப்பானில் 1970-களில் குடும்பத் தலைவிகள் விவசாயிகளோடு நேரடியாகப் பேசித் தொடங்கிய முறையின் வழியில் வந்ததுதான் இது. விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் நஷ்டத்திலும் பங்கு. பெட்டியில் என்ன வரும் என்று நாம் சொல்ல முடியாது. முதல் பெட்டியில் முக்கால்வாசி முள்ளங்கி. பிள்ளைகள் இரண்டும் என்னை முறைத்தன.

சேர்ந்தவர்களில் யாராவது ஒருவர் அடுத்த பங்கேற்புச் சோதனைக்கு வாங்குகிறவர் தரப்பில் வர முடியுமா என்று போன வாரம் அந்தத் தம்பி கேட்டிருந்தார். என் பெயரைக் கொடுப்பதா, இவர் பெயரைக் கொடுப்பதா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, டிவி பார்த்துக்கொண்டிருந்த அத்தை திரும்பாமலே சொன்னார்: "என் பேரைக் குடு. ஒங்களுக்குக் கோரைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. போறப்ப கூலி நோட்டையும் எடுத்து வைக்கச் சொல்லு, களையெடுக்கிற பொம்பளைங்களுக்கு என்ன குடுக்கிறான்னு பாக்கணும்."